அமிலத்தால் கழுவியும் கரி ஏன் தளர்கிறது? தாமிரமும் காரீயமும் ஏறிய கிளர்வுற்ற கரியின் மீளாக்கம்

வினா: அலசுநீர்

அனைவருக்கும் வணக்கம். மின்முலாம் பூசும் ஆலை ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. அலசுநீரிலிருந்து கன உலோகங்களை நீக்குவதற்காக, ஆக்டிவேட்டட் கார்பன் என்று ஆலைகளில் சொல்லப்படும் கிளர்வுற்ற கரியைக் குருணை வடிவில் ஒரு தொட்டியில் நிரப்பிப் பயன்படுத்தி வருகிறோம். கரிப் படுகையின் கொள்ளளவு 1 கன மீட்டர். அதில் ஏறத்தாழ 450 கிலோ கரி இருக்கிறது. மணிக்கு 4 கன மீட்டர் வீதம், நாளொன்றுக்கு 20 மணி நேரம், நீர் மேலிருந்து கீழாக ஓடுகிறது. உள்ளே வரும் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 1.5 மில்லிகிராம் தாமிரமும் 1 மில்லிகிராம் காரீயமும் இருக்கும். நீரை வடிகட்டி, பிஎச் மதிப்பை 5.5 அளவில் நிறுத்திய பிறகே கரிக்கு அனுப்புகிறோம்.

புதிய கரி 40 நாள்கள் தாக்குப்பிடித்தது. வெளிவரும் நீரில் உலோகம் தலைகாட்டியதும், 5 சதவீதக் கந்தக அமிலத்தைப் படுகையின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 5 கன மீட்டர் அளவுக்கு, மெதுவாகச் செலுத்திக் கழுவினோம். கந்தக அமிலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேதியியல் காரணம் எதுவும் இல்லை. தாமிர முலாம் குளியலுக்காக அது ஆலையில் எப்போதும் இருப்பில் இருக்கும் என்பது ஒன்றே காரணம். முதல் முறை கழுவிய பின் கரி 33 நாள்களும், இரண்டாம் முறைக்குப் பின் 26 நாள்களும், மூன்றாம் முறைக்குப் பின் 19 நாள்களும் மட்டுமே உழைத்தது. இப்போது நான்காம் முறை கழுவ வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

அமிலத்தின் செறிவைக் கூட்ட வேண்டுமா, அல்லது அமிலக் கழுவலே இவ்வகைக் கரிக்குப் பொருந்தாதா? கரியை உலைக்கு அனுப்பி வெப்பத்தால் மீளாக்கம் செய்துவிடலாம் என்று எங்கள் நிர்வாகத்தில் ஒரு கருத்து இருக்கிறது; உலோகம் ஏறிய கரிக்கு அது சரியான வழியா? கழுவி வந்த அமிலத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கிக் கசடைத் தனியே எடுத்துவைக்கிறோம். அந்தக் கசடு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகச் சேர்கிறது. இவற்றில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: கரிப்படுகை

மற்ற எதையும் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். உங்கள் ஆலையில் சயனைடுக் குளியல் எதுவும் இருக்கிறதா? தாமிர முலாமில் சயனைடுக் கரைசல்களும் வழக்கத்தில் உள்ளவை. தாமிரமும் சயனைடும் பிணைந்து உண்டாகும் தாமிர சயனைடு அணைவு கரியில் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட கரியில் அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அதன் கொதிநிலை 26 பாகை செல்சியஸ்தான் என்பதால் அது உடனே காற்றில் கலந்துவிடும். மூன்று முறை அசம்பாவிதமின்றிக் கழுவிவிட்டோம் என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. சயனைடு இருக்குமானால் அமிலக் கழுவலை இன்றே நிறுத்துங்கள்.

சயனைடு இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். கரிமப் பொருள்களைக் கரி பிடிப்பதற்கும் உலோக அயனிகளைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்துதான் உங்கள் வினாவுக்கு விடை தேட வேண்டும். கரிமப் பொருள் நுண்துளைகளின் பரந்த மேற்பரப்பில் படிகிறது. தாமிரமும் காரீயமும் பெரும்பாலும் அந்த மேற்பரப்பில் ஆங்காங்கே உள்ள கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகளிடம் ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுக்கச் செய்து அதன் இடத்தில் அமர்கின்றன. இது அயனி பரிமாற்றத்துக்கு நெருக்கமான செயல். ஆகவே ஹைட்ரஜன் அயனியை மிகுதியாகக் கொடுத்தால் உலோகம் இடத்தைக் காலி செய்துவிடும். 0.1 மோலார் அளவிலான நீர்த்த அமிலமே பெரும்பாலும் இதற்குப் போதுமானது. செறிவைக் கூட்டுவதால் நீங்கள் பெறப்போவது மிகக் குறைவு. குருணைகள் நொறுங்குவதும் கசடு பெருகுவதும்தான் கூடும்.

உங்கள் சிக்கல் அமிலத்தின் செறிவில் இல்லை, அமிலத்தின் வகையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 40 நாள்களில் 3200 கன மீட்டர் நீர் கரியின் வழியே சென்றிருக்கிறது. அதிலிருந்த தாமிரம் 4.8 கிலோ, காரீயம் 3.2 கிலோ. இவ்வளவும் 5 கன மீட்டர் அமிலத்தில் இறங்கியிருந்தால், அந்த அமிலத்தில் தாமிரம் லிட்டருக்கு 960 மில்லிகிராமும் காரீயம் 640 மில்லிகிராமும் இருந்தாக வேண்டும். தாமிர சல்பேட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. காரீய சல்பேட்டோ வெறும் நீரிலேயே லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவுதான் கரையும். கந்தக அமிலம் உடனிருக்கையில் அதைவிடவும் குறைவாகவே கரையும். ஆகவே உங்கள் அமிலம் காரீயத்தை இருக்கையிலிருந்து எழுப்பி, அடுத்த கணமே அதே துளைக்குள் வெண்ணிற வீழ்படிவாகப் படியவைத்திருக்கிறது. ஒவ்வொரு கழுவலிலும் துளைகளின் வாய் சிறிது சிறிதாக அடைபட்டு வந்திருக்கும். 40, 33, 26, 19 என்று ஒரே சீராக இறங்கும் உங்கள் எண்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

கசடு மிகுவதற்கான காரணமும் அதே அமிலம்தான். கந்தக அமிலத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் ஜிப்சம் உண்டாகும். நீங்கள் அள்ளி வைக்கும் கசடில் பெரும்பகுதி உலோகம் அன்று, ஜிப்சமே. அது உலோக ஹைட்ராக்சைடோடு கலந்துவிட்டதால் முழுவதையும் தீங்கான கழிவாகவே கையாள வேண்டியிருக்கிறது.

நான்காம் முறை கழுவுவதைத் தள்ளிவையுங்கள். முந்தைய கழுவலில் வந்த அமிலத்தின் மாதிரி எடுத்துவைத்திருந்தால் அதில் தாமிரம் எவ்வளவு, காரீயம் எவ்வளவு என்று தனித்தனியே அளந்து இங்கே சொல்லுங்கள். கரிக்குள் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கு கையில் இல்லாமல் மீளாக்கம் செய்வது, வரவு செலவு எழுதாமல் கடை நடத்துவதைப் போன்றது. அமிலத்தால் கழுவிவிட்டோம் என்பதாலேயே உலோகம் வெளியேறிவிட்டது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

மறுமொழி: அலசுநீர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. எங்களிடம் சயனைடுக் குளியல் இல்லை. தாமிர முலாம் கந்தக அமிலக் குளியலில் நடக்கிறது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த முலாமுக்கு மீத்தேன்சல்போனிக் அமிலக் குளியல் இருக்கிறது. வெள்ளீயம் பிஎச் சரிசெய்யும்போதே வீழ்படிந்து வடிகட்டியில் நின்றுவிடுகிறது.

மூன்றாம் கழுவலின் மாதிரி குப்பியில் இருந்தது. அதை அளந்து பார்த்தோம். அந்தச் சுற்றில் கரிக்குள் போன தாமிரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அமிலத்தில் திரும்பி வந்திருக்கிறது. காரீயம் லிட்டருக்கு 6 மில்லிகிராம் மட்டுமே. ஐந்து கன மீட்டருக்கும் சேர்த்து 30 கிராம். நான்கு சுற்றுகளிலும் ஓடிய நீரைக் கூட்டினால் 9440 கன மீட்டர். ஆகவே ஏறத்தாழ 9.4 கிலோ காரீயம் உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று கழுவல்களிலும் வெளிவந்தது 100 கிராமைக்கூடத் தாண்டாது. மீதி முழுவதும் படுகைக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பார்த்தபோது திகைப்பாக இருந்தது.

இந்தக் கரியை இனி மீட்க முடியுமா, அல்லது அப்படியே அப்புறப்படுத்துவதுதான் வழியா?

மறுமொழி: வேதிமாணவி

ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது காரீய சல்பேட்டு வீழ்படிவைச் சூடான அம்மோனியம் அசிட்டேட்டில் கரைத்துக் காட்டுவோம். காரீயம் அசிட்டேட்டோடு அணைவாகச் சேர்ந்துவிடுவதால் வீழ்படிவு கரைகிறது. அதே முறையைக் கரியிலும் செய்து பார்க்கலாமா? உலோக அயனிகளோடு அணைவாகச் சேரும் வேதிப்பொருளான ஈடிடிஏயின் கரைசலும் காரீயத்தை மிக வலுவாகப் பிடிக்கும் என்று படித்திருக்கிறேன்.

இன்னொரு எண்ணமும் தோன்றுகிறது. கந்தக அமிலம் தாமிரத்தை மட்டும் தனியே இறக்குகிறது என்பது ஒரு வகையில் நல்ல பிரிப்பு அல்லவா? அந்தத் தாமிர சல்பேட்டுக் கரைசலை மின்னாற்பகுத்துத் தாமிரத்தைத் தகடாகவே எடுத்துவிடலாமே.

மறுமொழி: கரிப்படுகை

மாணவி சொன்ன இரண்டு கரைப்பான்களும் காரீயத்தைக் கரைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கரியிலிருந்து இறக்கியதோடு வேலை முடிவதில்லை. இறங்கிய உலோகத்தை அந்தக் கரைசலிலிருந்து நாம் மறுபடி பிரித்தெடுத்தாக வேண்டும். ஈடிடிஏ பிடித்த காரீயம், பிஎச் மதிப்பை உயர்த்தினாலும் ஹைட்ராக்சைடாக எளிதில் வீழ்படியாது. ஈடிடிஏ நுண்ணுயிரிகளாலும் எளிதில் சிதையாது. கரியில் உறுதியாக இருந்த உலோகத்தை, எதற்கும் மசியாத கரைசல் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஆவோம். அம்மோனியம் அசிட்டேட்டில் அம்மோனியா இருப்பதால் அது உங்கள் தாமிரத்தையும் கரைசலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். எந்தக் கரைப்பானைத் தேர்ந்தாலும், கழுவி வந்த நீரை என்ன செய்யப்போகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கி யோசிப்பதே என் வழக்கம்.

சல்பேட்டைக் கார்பனேட்டாக மாற்றிவிடுவது இவற்றைவிட எளிய வழி. காரீய கார்பனேட்டு, காரீய சல்பேட்டைக் காட்டிலும் மிகக் குறைவாகக் கரைவது. எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் எண்ணான கரைதிறன் பெருக்கம் இரண்டுக்கும் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. ஆகவே சோடியம் கார்பனேட்டுக் கரைசலைப் படுகையில் நிதானமாகச் சுழலவிட்டால், துளைக்குள் இருக்கும் காரீய சல்பேட்டு காரீய கார்பனேட்டாக மாறும். சல்பேட்டு அயனி சோடியத்தோடு நீரில் வெளியேறிவிடும். பழைய காரீய மின்கலங்களை மறுசுழற்சி செய்பவர்கள், மின்கலப் பசையிலுள்ள சல்பேட்டை நீக்கக் காலங்காலமாகக் கையாளும் வினையும் இதுவே. காரீய கார்பனேட்டோ நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் நுரைத்துக் கரைந்துவிடும்.

இதைச் செய்யும்போது இரண்டு இடங்களில் நிதானம் தவறக் கூடாது. கார்பனேட்டுக் கரைசலுக்குப் பின், நீரில் சல்பேட்டு அறவே நிற்கும் வரை படுகையை அலச வேண்டும். வெளிவரும் நீரை அமிலமாக்கிப் பேரியம் குளோரைடு சில துளிகள் விட்டால் கலங்கல் தோன்றக் கூடாது. சல்பேட்டு எஞ்சியிருந்தால், நைட்ரிக் அமிலம் காரீயத்தைக் கரைத்த மறுகணமே பழைய கதை திரும்பிவிடும். அடுத்து, அமிலத்தை மிக மெதுவாகச் செலுத்துங்கள். துளைகளுக்குள் கரியமில வாயு எழும்புவதால் படுகை உப்பி மேலெழும். அவசரப்பட்டால் குருணைகள் உடையும். தொட்டியின் காற்றுப்போக்கி திறந்தே இருக்கட்டும்.

அமிலத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 9.4 கிலோ காரீயம் என்பது ஏறத்தாழ 45 மோல்; அதன் கார்பனேட்டைக் கரைக்க 90 மோல் அமிலம் தேவை. 0.1 மோலார் நைட்ரிக் அமிலம் 5 கன மீட்டரில் 500 மோல் இருக்கும். கரியின் அமிலத் தொகுதிகளையும், கார்பனேட்டாகப் படிந்த தாமிரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் இது தாராளம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம், காரீய குளோரைடும் குளிர்ந்த நீரில் லிட்டருக்கு 10 கிராம் அளவுக்கே கரைவது என்பதும், குளோரைடு அயனி மிகுந்திருக்கும்போது அந்த அளவும் சுருங்கிவிடும் என்பதும்தான். தாமிரம், துத்தநாகம், காட்மியம், நிக்கல் ஆகியவை மட்டும் இருக்கும் கரிக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் நன்றாகவே பயன்படும்.

நைட்ரிக் அமிலத்தை மேற்கூறிய அளவுக்கு மேல் செறிவாக்க வேண்டாம். செறிந்த நைட்ரிக் அமிலம் கரியின் மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்யும். அதனால் கார்பாக்சில் தொகுதிகள் கூடி உலோக ஏற்புத்திறன் உயர்வதும் உண்டு; ஆனால் நுண்துளைச் சுவர்கள் சிதைந்து குருணையின் வலிமை போய்விடும். அதைவிட முக்கியமானது: நைட்ரேட்டு எஞ்சிய கரியை உலரவைக்கவோ சூடேற்றவோ கூடாது. வெடியுப்பும் கரியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதை நன்றாக நீரில் அலசியே தீர வேண்டும்.

நீர் மேலிருந்து கீழாக ஓடுகிறது என்றீர்கள். அமிலத்தைக் கீழிருந்து மேலாகச் செலுத்துங்கள். அப்போது நீர் வெளியேறும் அடிப்பகுதிதான் புதிய அமிலத்தை முதலில் பெற்று மிகத் தூய்மையாகும். அடுத்த சுற்றில் நீரில் எஞ்சி வரும் உலோகம் குறையும். அமிலத்தின் முதல் இரண்டு படுகைக் கொள்ளளவிலேயே பெரும்பகுதி உலோகம் வந்துவிடுவதைக் காண்பீர்கள். பிற்பகுதியில் வரும் அமிலத்தில் உலோகம் குறைவு, வலு மிச்சம். அதைத் தனித் தொட்டியில் எடுத்துவைத்து, அடுத்த மீளாக்கத்தில் முதல் கழுவலுக்குப் பயன்படுத்தினால் அமிலச் செலவும் கசடும் ஒருசேரக் குறையும். முடிவில் நீரால் அலசி, நீர்த்த சோடியம் பைகார்பனேட்டால் பிஎச் மதிப்பு 6 அளவுக்கு வரும்வரை பதப்படுத்துங்கள். அமிலம் ஊறிய கரியை அப்படியே வேலைக்கு விட்டால், முதல் சில நாள்களுக்கு அது தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை நீரில் விட்டு, உள்ளே நீரின் பிஎச் மதிப்பை இறக்கி, உலோகத்தை ஏற்க மறுக்கும்.

நடுநிலையாக்கலைக் காஸ்டிக் சோடாவால் செய்தால் ஜிப்சம் வராது. ஆனால் பிஎச் மதிப்பை 9 முதல் 9.5 வரையில் நிறுத்துங்கள்; காரீய ஹைட்ராக்சைடு அமிலம், காரம் இரண்டிலும் கரையும் ஈரியல்பு உடையது என்பதால், கைதவறிக் காரம் மிகுந்தால் படிந்த காரீயம் மறுபடி கரைந்துவிடும்.

தாமிரத்தைத் தனியே பிரித்து மின்னாற்பகுப்பது பற்றி: எண்ணம் நல்லது, லிட்டருக்கு ஒரு கிராம் தாமிரம் உள்ள சல்பேட்டுக் கரைசலில் அது நடக்கவும் கூடும். எனினும் காரீயம் உள்ள இந்தப் படுகையில் கந்தக அமிலத்தை மறுபடி காட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். நைட்ரிக் அமிலக் கரைசலில் மின்னாற்பகுத்தால் தாமிரம் எதிர்மின்வாயிலும், காரீயம் ஈராக்சைடாக நேர்மின்வாயிலும் படியும் என்பது பகுப்பாய்வு வேதியியலில் நெடுங்காலமாகத் தெரிந்த அழகான வினை. ஆலைக் கழிவில், முலாம் சேர்மங்களும் கலந்திருக்கையில், அது அவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

மறுமொழி: உலைக்களம்

வெப்ப மீளாக்கம் பற்றிய வினாவுக்கு இதுவரை யாரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். கரி மீளாக்க உலையில் பல ஆண்டுகள் பணிபுரிந்திருக்கிறேன்.

உலையில் நடப்பது இதுதான். ஈரக் கரி முதலில் உலர்கிறது. பிறகு வெப்பம் ஏற ஏற, ஆவியாகும் கரிமப் பொருள்கள் பிரிந்து போகின்றன, மற்றவை சிதைந்து துளைகளுக்குள் கரித்தூளாகின்றன. கடைசியில் 800 முதல் 900 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீராவி அந்தக் கரித்தூளை அரித்துத் துளைகளை மறுபடி திறக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 5 முதல் 10 சதவீதம் வரை கரி இழப்பாகும். கரிமப் பொருளைப் பொறுத்தவரை இது முழுமையான முறை. அது அழிந்தே போய்விடுகிறது.

உலோகத்தை எந்த உலையாலும் அழிக்க முடியாது. பாதரசம் 357, காட்மியம் 767, துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதிப்பவை. அவை புகைபோக்கியை நோக்கிப் புறப்பட்டுவிடும். காரீயத்தின் கொதிநிலை 1749 பாகை என்பதால் அது தங்கிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். குளோரைடு உடனிருந்தால் அது காரீய குளோரைடாகி 950 பாகையிலேயே கொதிக்கும். அதற்குக் கீழேயும் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி குளிர்ந்து மிக நுண்ணிய துகளாக மாறுவதால் அதைப் பிடிப்பது எளிதன்று. தாமிரம் கரியாலேயே ஒடுக்கப்பட்டு உலோகமாகத் துளைகளில் தங்கிவிடும். தங்கிய உலோகங்களும், சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியமும், சோடியமும், நீராவி கரியை அரிக்கும் வினையை முடுக்கிவிடுகின்றன. அவை இருக்கும் இடங்களில் நுண்துளைகள் அகன்று பெருந்துளைகளாகிக் கரி மென்மையாகிவிடும். இந்தக் காரணங்களால், வெளியாரின் கரியை ஏற்று மீளாக்கம் செய்யும் நிலையங்கள் கரியிலுள்ள உலோக அளவுக்கு வரம்பு வைத்திருப்பது இயல்பு.

அப்படியென்றால் உலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் தாமிரக் குளியலில் பளபளப்பூட்டிகள், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற கரிமப் பொருள்கள் இருக்கும். அவை அலசுநீரோடு வந்து கரியில் ஏறியிருக்கும்; எந்த அமிலமும் அவற்றை அசைக்காது. எனவே ஏற்புத்திறன் குறைந்ததற்குக் காரீய சல்பேட்டு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். சிறிதளவு கரியை எடுத்து, கரிப்படுகை சொன்னபடி காரீயத்தை நீக்கி, அதற்கு முன்னும் பின்னும், கரியின் நுண்துளைகள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அயோடின் எண்ணை அளந்து பாருங்கள். உலோகம் நீங்கிய பிறகும் எண் தாழ்ந்தே இருந்தால், எஞ்சியிருப்பது கரிமப் பொருள் என்று அறியலாம். அந்தக் கட்டத்தில்தான் உலைக்கு வேலை வருகிறது: முதலில் அமிலம், பிறகு அலசல், அதன் பிறகே வெப்பம்.

தங்கச் சுரங்கத் தொழில் இந்த ஒழுங்கை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறது. சயனைடுக் கரைசலிலிருந்து தங்கத்தைக் கரியில் ஏற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கால்சியம் கார்பனேட்டை நீக்கி, சூடான காரக் கரைசலால் தங்கத்தை இறக்கி, அதே கரியை 650 முதல் 750 பாகை செல்சியஸ் உலையில் மீளாக்கி மறுபடி சுற்றுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு வகை அழுக்குக்கு உரியது. ஒன்றின் வேலையை மற்றொன்றின் மேல் சுமத்துவதில்லை. அங்கே அமிலக் கழுவலின்போது சயனைடைக் கண்காணிப்பதும் அன்றாட ஒழுங்கின் பகுதி.

மறுமொழி: நீர்மணி

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள வேண்டும். எங்கள் நீரில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம். பிஎச் மதிப்பை 3 அளவில் வைத்துக் கரியில் ஏற்றுகிறோம். நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் கழுவினால் இதுவும் இறங்கிவிடுமா?

மறுமொழி: கரிப்படுகை

இறங்காது, நீர்மணி. தாமிரமும் காரீயமும் நேர் அயனிகள். உங்கள் குரோமியம் ஹைட்ரஜன் குரோமேட்டு என்னும் எதிர் அயனியாக வருகிறது. அமிலத்தன்மையில் கரியின் மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெறுவதால்தான் அது ஒட்டுகிறது. அமிலத்தைக் கூட்டினால் பிடி இறுகுமே தவிர விடுபடாது. அதோடு, கரியே அதற்கு மூன்று எலக்ட்ரான்களைக் கொடுத்து மூவிணைதிறக் குரோமியமாக ஒடுக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் கரியில் இரண்டு வகைக் குரோமியமும் இருக்கும். முதலில் 0.1 முதல் 1 மோலார் வரையிலான காஸ்டிக் சோடாவால் குரோமேட்டை இறக்கி, நன்கு அலசி, அதன் பிறகு நீர்த்த அமிலத்தால் மூவிணைதிறக் குரோமியத்தை இறக்குங்கள். காரத்தோடு வந்த குரோமேட்டைப் பிஎச் 2 முதல் 3 வரை இறக்கிப் பைசல்பைட்டால் ஒடுக்கிய பிறகே வீழ்படியவைக்க முடியும். கரி ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைவதால், ஒடுக்கிய குரோமியத்தின் அளவுக்கு அது தன்னையே செலவழிக்கிறது; எல்லையின்றி மீளாக்கலாம் என்று திட்டமிட வேண்டாம்.

இரும்பு ஏற்றிய கரியில் ஆர்சனிக் இருந்தாலும் காரமே ஏற்றது. அமிலம் அந்த இரும்பையே கரைத்துவிடும். கந்தகம் ஏற்றிய கரியிலுள்ள பாதரசமோ சல்பைடாக இறுகியிருப்பதால் நீர்த்த அமிலத்துக்கும் காரத்துக்கும் இறங்காது. ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் மூடிய கலனில் சூடேற்றுவதற்கு உரிய ஏற்பாடு இல்லாதவர்கள் அதை மீளாக்க முயலவே கூடாது.

மறுமொழி: அலசுநீர்

ஒன்பது நாள்கள் கழித்து எழுதுகிறேன். படுகையிலிருந்து 200 மில்லிலிட்டர் கரியை எடுத்து, கண்ணாடிக் குழாயில் நிரப்பி, சொன்ன வரிசையில் செய்து பார்த்தோம். கணக்குப்படி அதில் 1.9 கிராம் காரீயம் இருக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் 1.5 கிராம் இறங்கியது. பேரியம் குளோரைடுச் சோதனையில் கலங்கல் நிற்பதற்கு நாங்கள் நினைத்ததைவிட மிகுதியான நீர் தேவைப்பட்டது. அந்தப் பொறுமை இல்லாமல் முதல் முறை செய்தபோது 0.6 கிராம் மட்டுமே வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அயோடின் எண் புதுக் கரியில் 1000 ஆக இருந்தது. கழுவுவதற்கு முன் 640, கழுவிய பின் 790. ஆகவே உலைக்களம் ஐயா சொன்னதும் உண்மை. காரீயம் ஒரு பங்குக்கும் கரிமப் பொருள் மற்றொரு பங்குக்கும் காரணம். நிர்வாகத்திடம் இந்த எண்களை வைத்துப் பேசினேன். பெரிய படுகையைக் கார்பனேட்டு, நைட்ரிக் அமில வரிசையில் மீளாக்கி, கந்தக அமிலத்தை அறவே விலக்குவது என்று முடிவாகியிருக்கிறது. பளபளப்பூட்டிகளைப் பிடிக்க முன்னால் சிறிய கரித் தொட்டி ஒன்றைத் தனியே வைத்து, அதை மட்டும் காலத்துக்குக் காலம் உலைக்கு அனுப்பலாமா என்று ஆராய்கிறோம்.

ஒரே ஓர் ஐயம். கரியை எடுத்த ஆளிறங்கு துளை வழியாகவே ஒருவர் உள்ளே இறங்கி, அடியிலுள்ள வடிகட்டித் தட்டைப் பார்த்துவிடலாம் என்று பணியாளர்கள் சொல்கிறார்கள். நீர் முழுவதும் வடிந்துவிட்டது; அமில நெடியும் இல்லை.

மறுமொழி: உலைக்களம்

யாரும் இறங்க வேண்டாம். இந்த மறுமொழியை உடனே பணியாளர்களிடம் காட்டுங்கள். நீர் வடிந்த ஈரக் கரி, மூடிய தொட்டியில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். நெடியோ நிறமோ எதுவும் தெரியாது. இறங்கியவர் ஓரிரு மூச்சிலேயே மயங்கி விழக்கூடும். அவரைத் தூக்க அவசரமாக இறங்குபவருக்கும் அதே கதி நேரும். அமில நெடி இல்லை என்பது ஆக்சிஜன் இருப்பதற்கு அடையாளம் ஆகாது. கரி முழுவதையும் நீரோடு சேர்த்து வெளியேற்றி, தொட்டிக்குள் காற்றை இடைவிடாமல் செலுத்தி, ஆக்சிஜன் அளவியை மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்களிலும் இறக்கிப் பார்த்து, வெளியே ஒருவர் கயிற்றோடு நிற்க, உரிய அனுமதிச் சீட்டுடன்தான் ஒருவர் உள்ளே போக வேண்டும். வடிகட்டித் தட்டு அதுவரை காத்திருக்கட்டும்.